ஐம்பது ரூபாய் நன்னடத்தை

ஐம்பது ரூபாய்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட ஒருவரை, ‘நன்னடத்தையாக இருப்பேன்’ என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் வெளியே விடலாம். அவர் அந்த வாக்கை முதல் தடவை மீறினால் என்ன ஆகும்? நீதிபதி கோபக்காரர் என்றால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பலாம். இரக்கக்காரர் என்றால் பத்திரத்தை அப்படியே நீடிக்கவிட்டு அபராதம் போடலாம். அந்த அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டக் கூடாது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 9-ஆவது பிரிவு.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் கணங்கூரில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் வருகிற கார், ஒரு தடவை கடப்பதற்கு 150 ரூபாய்க்கு மேல் கட்டுகிறது. மைசூருக்குப் போகிற செலவில் மூன்று தடவை கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சலுகை முதல் தடவைக்கு மட்டும்தான். சட்டம் கண்டிப்பானது.

1958-இல் ஐம்பது ரூபாய் பெரிய பணம். அதற்குப் பிறகு பால் ஏறியது, பெட்ரோல் ஏறியது, பிராந்தி ஏறியது. நன்னடத்தையின் விலை மட்டும் ஏறவில்லை. சந்தையில் கேட்பார் இல்லாத சரக்குக்கு விலை ஏறாது.

சரி, மாட்டிக்கொண்டவருக்குச் சட்ட உதவி எப்படிக் கிடைக்கிறது? அதற்கு முன், அவர் எப்படி மாட்டுகிறார் என்று பார்ப்போம். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர். கரும்பு வெட்டிக் களைத்து, சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டுவிட்டு பைக்கில் வீடு திரும்புகிறார். போலீஸ் நிறுத்துகிறது. ‘ஊது’ என்கிறது. ஊதுகிறார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. மீட்டர் தாண்டிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவு. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவை என்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம், அல்லது இரண்டும். 2019-க்கு முன்பு முதல் தடவைக்கு இரண்டாயிரம்தான். அந்த அபராதம் ஐந்து மடங்கானது. ஐம்பது ரூபாய் ஐம்பது ரூபாயாகவே இருக்கிறது.

இந்தக் குற்றத்துக்குச் சாலையிலேயே பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போக முடியாது. சமரசக் கட்டணப் பட்டியலில் 185 இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். லைசென்ஸ் கையை விட்டுப் போகும். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயில் காயும். வேலை நாள் ஒன்று வீணாகும். கூண்டில் ஏறி ‘தப்புதான் சாமி’ என்று ஒப்புக்கொண்டு, வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு வருவார். நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 4-ஆவது பிரிவில், ‘முதல் குற்றம், குடும்பஸ்தன், மூன்று வருடத்துக்குள் ஒரு காலத்துக்கு ஒழுங்காக இருப்பேன்’ என்று கேட்டுப்பார்க்கலாம் என்பது வக்கீலுக்குத் தெரியும். வக்கீல் வைக்க இவரிடம் பணம் இல்லை.

அவர் செய்தது தப்பு. அதில் சந்தேகம் வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் ஏழையாக இருந்தாலும் அவன் பைக் ஏழைகளைப் பார்த்து இடிப்பதில்லை. உயிர் போன வழக்கில் இந்த நன்னடத்தைச் சலுகையே கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொறுப்பில்லாமல் ஓட்டி ஆளைக் கொன்றவனுக்கு இரக்கம் காட்டினால் மற்ற ஓட்டுநர்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அதன் கவலை. நியாயமான கவலை. அந்தக் கவலை எந்த விலையுள்ள கார் வரைக்கும் பொருந்தும் என்பதுதான் நம் சந்தேகம்.

1999 ஜனவரி 10, அதிகாலை, டெல்லி லோதி சாலை. முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன் சஞ்சீவ் நந்தா ஓட்டிவந்த பி.எம்.டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றது. அதில் மூன்று பேர் போலீஸ்காரர்கள். வழக்கு பதின்மூன்று வருடம் நடந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. தண்டனை? ஏற்கெனவே இருந்த சிறைக்காலமே போதும். ஐம்பது லட்சம் ரூபாய் கட்டு. இரண்டு வருடம் சமூக சேவை செய். நன்னடத்தையை மீறினவருக்கு ஐம்பது ரூபாய் என்றால் நந்தாவுக்கு ஐம்பது லட்சம். சட்டத்தின் முன் அனைவரும் சமம். பூஜ்யங்களில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

சட்ட உதவி என்றால் என்ன என்பதை இந்தியா கற்றுக்கொண்டதும் இந்த வழக்கில்தான். 2007-இல் ஒரு டி.வி. சேனலின் ரகசியக் கேமராவில் ஒரு காட்சி பதிவானது. வழக்கின் முக்கிய சாட்சியோடு, நந்தாவின் மூத்த வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்த் பேரம் பேசுகிற காட்சி. முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் அவர். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2012-இல் விவகாரம் எப்படி முடிந்தது தெரியுமா? சட்டக் கல்விக்கு 21 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் கட்டணம் வாங்காமல் ஏழைகளுக்கு வாதாட வேண்டும். அதாவது, சாட்சியோடு பேரம் பேசிய வழக்கறிஞர் ஏழைகளுக்குத் தண்டனையாக வழங்கப்பட்டார். இந்த நாட்டில் இலவச சட்ட உதவியின் தரம் பற்றி இனி யாரும் புத்தகம் எழுத வேண்டாம்.

அடுத்தது 2015 மே 6. மும்பை செஷன்ஸ் நீதிமன்றம், பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர்கள் மீது 2002-இல் கார் ஏறி ஒருவர் இறந்த வழக்கில், சல்மான் கானுக்கு ஐந்து வருடம் சிறை என்று தீர்ப்பளித்தது. அன்று மாலையே உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன். தீர்ப்பு நகலின் மை காயும் முன்பே நட்சத்திரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் டிசம்பர் 10-இல் விடுதலை. அவர் குடித்திருந்தார் என்பதையும் அவர்தான் ஓட்டினார் என்பதையும் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை என்றது உயர் நீதிமன்றம். தீர்ப்பை மதிக்கிறோம். பதின்மூன்று வருடம் விசாரித்தும் ஸ்டீயரிங்கில் இருந்தது யார் என்று நிரூபிக்க முடியாத போலீஸையும் அதே அளவுக்கு மதிக்கத்தான் வேண்டுமா என்பது நமக்குத் தெரியவில்லை.

பிறகு புனே. 2024 மே 19, நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. கட்டட அதிபர் ஒருவரின் 17 வயது மகன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார், பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்களைக் கொன்றது. அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவு எண்ணே இல்லை. பெங்களூருவில் தற்காலிகப் பதிவோடு வாங்கிவந்த கார். கோடிக்கணக்கில் விலை. நிரந்தரப் பதிவுக்குக் கட்ட வேண்டியிருந்தது 1,758 ரூபாய். கட்டவில்லை. 

சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனைகள் கடுமையானவை. சாலை விபத்துகளும் அவற்றுக்குத் தீர்வும் என்று 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். பதினைந்து நாள் போக்குவரத்துப் போலீஸோடு நிற்க வேண்டும். இறந்தவர்கள் இரண்டு பேர். ஓர் உயிருக்கு 150 சொல். நாடே கொதித்த பிறகு சிறார் நீதி வாரியம் அந்த உத்தரவை மாற்றியது. அதற்குள் இன்னொரு சட்ட உதவியும் வேலை செய்திருந்தது. அரசு மருத்துவமனையில் பையனின் ரத்த மாதிரியே குப்பைக்குப் போய், வேறு ரத்தம் பரிசோதனைக்குப் போனது என்று போலீஸ் சொன்னது. மருத்துவர்கள் கைதானார்கள். நம் கரும்புக்காரரின் மூச்சை வேறு மூச்சாக மாற்ற யாராவது முன்வந்திருப்பார்களா?

அமெரிக்காவில் இந்த வியாபாரம் வெளிப்படையாக நடக்கிறது. அங்கே 1977-இல் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யலாம் என்று அனுமதித்தது. இன்று நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் ‘குடித்து ஓட்டி மாட்டினீர்களா? அழையுங்கள்’ என்று வக்கீல் சிரிக்கிறார். நன்னடத்தையை மீறினவருக்கு என்று தனி நிபுணரே உண்டு. நம் ஊரில் பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் நமக்கு வக்கீலின் முகம் தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடையின் பெயர்ப்பலகை நன்றாகவே தெரியும்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம். மதுவை விற்பது யார்?

கர்நாடகத்தில் மது மொத்த விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில். சில்லறையிலும் அரசு உண்டு. எம்.எஸ்.ஐ.எல். என்ற அரசு நிறுவனம் மாநிலம் முழுக்க மதுக்கடைகள் நடத்துகிறது. அதே எம்.எஸ்.ஐ.எல். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் விற்கிறது. பெயர் ‘லேகக்’, ‘வித்யா’. எழுத்தாளனும் கல்வியும். குடிக்க வேண்டியதும் அங்கே. குடித்துவிட்டு ஆளை இடித்தால் 300 சொல் கட்டுரை எழுத வேண்டிய நோட்டும் அங்கே. ஒரே குடும்பத்துச் சேவை. நன்னடத்தைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாளையும் அதே கவுண்டரில் வைத்துவிட்டால் பொதுமக்களுக்கு அலைச்சல் மிச்சம்.

2025-26 பட்ஜெட்டில் கர்நாடக அரசு கலால் வருவாய்க்கு வைத்த இலக்கு 40,000 கோடி ரூபாய். இலக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளித் தேர்ச்சிக்கு இலக்கு வைப்பார்கள், தடுப்பூசிக்கு இலக்கு வைப்பார்கள், குடிக்கும் இலக்கு வைக்கிறார்கள். மக்கள் போதுமான அளவு குடிக்காவிட்டால் அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும் போலிருக்கிறது. அந்த பட்ஜெட் போட்ட மார்ச் மாதம் சட்டமன்றத்தில் மதச்சார்பற்ற ஜனதா தள உறுப்பினர் எம்.டி. கிருஷ்ணப்பா எழுந்து, பெண்களுக்குப் பணமும் இலவச பஸ்ஸும் கொடுக்கிறீர்களே, குடிக்கிற ஆண்களுக்கு வாரம் இரண்டு பாட்டில் இலவசமாகக் கொடுங்கள் என்றார். அமைச்சர் கே.ஜே. ஜார்ஜ், நீங்கள் ஜெயித்து ஆட்சிக்கு வந்து கொடுங்கள் என்றார். நாடு சிரித்தது. அதில் யோசனை சொன்னவர்தான் நேர்மையாகப் பேசியவர் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கன்னடத்துக்காரரைப் பார்த்துத் தமிழர்கள் சிரிக்க வேண்டாம். நம்மிடம் டாஸ்மாக் இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனைக்கு ஏகபோகம். 2024-25-இல் வருவாய் 48,000 கோடிக்கு மேல். இந்த ஒரு துறையில் அண்டை மாநிலத்தை நாம் முந்திவிட்டோம். காவிரி நீரில் பாக்கி இருக்கலாம், இதில் பாக்கி இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைத்து இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தத் தீவிலிருந்து ஆண்ட திப்பு சுல்தான், வருமானம் போனாலும் பரவாயில்லை என்று மது விற்பனைக்குத் தடை போட முயன்றவர். அவர் மன்னர். அடுத்த தேர்தல் பற்றிய பயம் இல்லை.

அரசும் ஒரு நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம், 47-ஆவது பிரிவு. உடல்நலத்தைக் கெடுக்கும் போதை பானங்களை, மருந்துக்கு அல்லாமல் அருந்துவதைத் தடுக்க அரசு முயற்சி எடுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டு முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் புத்தகத்தில், கோடிக்கணக்கில் எண் போட்டு, அந்தப் பத்திரத்தை அரசு மீறுகிறது. முதல் மீறலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. எந்த நன்னடத்தை அலுவலரும் கதவைத் தட்டவில்லை. ஐம்பது ரூபாய்கூடக் கட்டவில்லை.

ஒரு தடவை கோர்ட் நிபந்தனை போட்டது. பா.ம.க. வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கு அது. 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 முதல் அமல். குடித்து ஓட்டுகிறவனைத் துரத்துவதற்குப் பதிலாக, ஓட்டுகிற வழியிலிருந்து குடியைத் தள்ளி வை என்றது. எளிய கணக்கு.

அப்போதுதான் சட்ட உதவி என்றால் என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது. நாட்டின் மிக விலையுயர்ந்த வழக்கறிஞர்கள் மாநில அரசுகளுக்காகவும் பார் உரிமையாளர்களுக்காகவும் வரிசையில் நின்றார்கள். மார்ச் 31-இலேயே, அமலுக்கு ஒரு நாள் முன்பு, மக்கள்தொகை 20,000-க்குள் உள்ள ஊர்களுக்கு 500 மீட்டர் 220 மீட்டரானது. அரசுகள் இன்னொரு வழியும் கண்டுபிடித்தன. கடையை நகர்த்துவது கஷ்டம். சாலையின் பெயரை மாற்றுவது சுலபம். சண்டிகர் தன் பெரிய சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று அறிவித்தது. சில மாநிலங்களும் நெடுஞ்சாலைகளைப் பதவி இறக்கின. ராத்திரி நெடுஞ்சாலையாகத் தூங்கப்போன சாலை காலையில் தெருவாக எழுந்தது. லாரிகளுக்கு விஷயம் தெரியாது. அவை அதே வேகத்தில்தான் ஓடின. ஜூலை மாதம் உச்ச நீதிமன்றமே நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு விலக்குக் கொடுத்தது.

கேரளத்தின் பரவூரில் ஒரு பார் உரிமையாளர் எல்லோரையும்விட நேர்மையானவர். பாரை அங்கேயே வைத்துக்கொண்டு, வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகிற ஒரு நடைபாதையைக் கட்டினார். நடந்தால் தூரக் கணக்கு சரியாக வரும். குடிப்பதற்கு முன் அந்தப் பாதையில் நேராக நடக்க முடிகிறவர், குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது என்ன ஆவார் என்பது அவர் கவலை இல்லை. சாலையையே வளைத்த அரசுகளோடு ஒப்பிட்டால், தன் சொந்தக் காசில் சிமெண்ட் வாங்கி வளைத்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு பேருக்கும் சட்ட உதவி கிடைத்துவிட்டது. மிச்சம் ஒருவர் இருக்கிறார். சாலையில் அடிபட்டவர்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று பட்டியல் போடுகிறது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் சிக்கியவர்கள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள். நல்ல பட்டியல். காவலில் இருக்கிறவரும் அதில் உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்கப்படாமல். அதுவும் சரிதான், கைதானவனுக்கு வக்கீல் வேண்டும். ஆனால் சாலையில் அடிபட்டவர் என்று தனியாக ஒரு வரி அங்கே இல்லை. இடித்தவர் கைதானால் அந்தக் கணமே தகுதி பெறுகிறார். இடிபட்டவர் பட்டியலில் வேறு எதிலும் வராவிட்டால், தான் ஏழை என்று காட்ட வேண்டும். தாலுகாவுக்கு ஒரு குழு உண்டு. 15100 என்று ஒரு தொலைபேசி எண்ணும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்த எண் தெரியாது. மதுபானத்தின் விலைப்பட்டியல் தெரியும்.

இடித்துவிட்டு வண்டி ஓடிப்போனால் நிலைமை இன்னும் மோசம். ஓடிப்போகிறவர்களில் ஊதிக்காட்டப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணுவது? ஓடிவிட்டவரை எந்த மீட்டரும் அளக்காது. ஓடுவதுதான் இந்த நாட்டில் மிக மலிவான சட்ட உதவி. அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், படுகாயம் என்றால் ஐம்பதாயிரம் என்று மத்திய அரசின் திட்டம் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது.

எலும்பு ஒட்டி ஒட்டிச் சலித்த கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்பு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2024 ஜனவரியில் வந்த உத்தரவில் இந்தத் திட்டத்தின் லட்சணம் வெளியே வந்தது. 2022-இல் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23-இல் இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் 205. தீர்த்துவைத்தது 95. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உங்களுக்கு இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவரிடம் போலீஸ் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. சொல்வதற்கே உத்தரவு. கொடுப்பதற்கு இன்னொரு வழக்குப் போட வேண்டுமோ?

குடிப்பவரிடம் வரி. ஓட்டுபவரிடம் சுங்கம். பிடிபட்டவரிடம் அபராதம். மூன்று வசூலிலும் அரசு ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, யாரும் சான்றிதழ் கொண்டுவர வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் படிவம், முத்திரை, நகல், நாளை வா.

விரைவுச்சாலையில் கம்பத்துக்குக் கம்பம் கேமரா இருக்கிறது. வேகம் தாண்டினால் நம்பர் பிளேட்டைப் படித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வருகிறது. சுங்கச்சாவடியில் கார் நின்று கிளம்புவதற்குள் பணம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. கண் நன்றாகத் தெரிகிற அரசுதான். ஆளை இடித்துவிட்டு ஓடிய 67,387 வண்டிகள் என்று வரும்போது மட்டும் அதற்கு நம்பர் தெரிவதில்லை. அவற்றில் ஒன்று சுங்கம் கட்டாமல் ஓடியிருந்தால் அன்று ராத்திரியே கண்டுபிடித்திருக்கும்.